வீட்டுப் பின்புறத்தில் பறவைப் படம்: மறைவிடத்தையும் தீனித்தட்டையும் எங்கே வைப்பது?

சாட்ஸ்வர்த் சில்லை | ஜூன் 7, காலை 7:10

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு. பின்பக்கம் எல்லாருக்கும் தெரிந்த அளவுதான். வீட்டுச் சுவரிலிருந்து தெற்கே பத்து மீட்டர் போனால் மண்மேடு ஏறத் தொடங்கும். மேட்டில் ஆயா வைத்த சிவப்புப் பூக் கற்றாழை நான்கு, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை. அமாவாசைக்கு ஆயா சுவர்மேல் சோறு வைப்பார். காக்கைக்கென்று வைப்பது, தின்பது மைனா. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாளில்தான் கற்றாழைப் பூவில் தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்குவதைக் கண்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

கையில் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 70-300 மி.மீ. லென்ஸ். சமையலறைக் கதவைத் திறந்தாலே எல்லாம் பறந்துவிடுகிறது. மறைவிடம், அதாவது பறவைக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து படம் எடுக்கும் கூடாரம், கட்டுவது பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். "மறைவிடம் தெற்கே, தீனித்தட்டு வடக்கே, வெயில் உங்கள் முதுகில் விழும்" என்றார். அப்படியே மேட்டடியில் பழைய போர்வையைக் கட்டி மூன்று நாள் உட்கார்ந்தேன். வந்த பறவை எல்லாம் படத்தில் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. கேமரா பழுதா, கை பழுதா?

பழைய லென்ஸ் | ஜூன் 7, காலை 9:32

இரண்டும் பழுதில்லை தம்பி. வீடியோக்காரர் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறார், நீங்கள் தெற்கே 30 பாகையில் இருக்கிறீர்கள். நமக்குச் சூரியன் வடக்கு வானில்தான் போகும். ஜூன் மாத உச்சிப்பொழுதில்கூட 37 பாகை உயரத்துக்குமேல் ஏறாது. டிசம்பரில் தலைக்கு மேல் வந்ததுபோலத் தெரியும், அப்போதும் கொஞ்சம் வடக்கேதான். தெற்கே உட்கார்ந்து வடக்கே பார்த்தால் வெயில் நேரே லென்ஸுக்குள் வரும். அந்த யோசனையை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

வீடு வடக்கே, மேடு தெற்கே என்றுதானே சொல்கிறீர்கள்? அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மறைவிடத்தை வீட்டுப் பக்கம் வைத்து மேட்டைப் பாருங்கள். ஒரே ஒரு சிக்கல், வீட்டு நிழல். கூரை நான்கு மீட்டர் உயரம் என்றால் இந்த மாதம் நண்பகலிலேயே நிழல் ஐந்தரை மீட்டர் நீளும். காலையும் மாலையும் கோணம் மாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு, பத்துக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு நிழல் எங்கே முடிகிறது என்று குச்சி நட்டு வையுங்கள். நிழலுக்குள் நீங்கள், வெயிலில் பறவை. மறைவிடத்துக்குள் எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்லது.

தூரம் பற்றி. உங்கள் கேமராவில் சிறிய சென்சார் என்று நினைக்கிறேன். 300 மி.மீ.யில் மூன்று மீட்டர் தள்ளி நின்றால் சட்டத்தின் அகலத்தில் விழுவது சுமார் 23 செ.மீ.தான். 12 செ.மீ. தேன்சிட்டு பாதிச் சட்டத்தை நிரப்பிவிடும். நான்கு மீட்டர் என்றால் 31 செ.மீ. அதற்குமேல் போனால் பறவை புள்ளியாகும். ஆகவே நிழல் விளிம்பில் மறைவிடம், அதிலிருந்து மூன்று மீட்டரில் கிளை, கிளைக்குப் பின்னால் மேடு வரைக்கும் இரண்டு மீட்டராவது வெறும் இடம். பின்னணி பச்சைக் குழம்பாகக் கரைந்துவிடும்.

இன்னொன்று. தீனித்தட்டைப் படம் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் தட்டில் குந்திய குருவியின் படம் யாருக்கு வேண்டும்? தட்டுக்கு அரை மீட்டர் தள்ளி ஒரு நல்ல காய்ந்த கிளையை நடுங்கள். பறவை நேரே தட்டில் இறங்காது, பக்கத்தில் உட்கார்ந்து நோட்டம் விட்டுத்தான் இறங்கும். அந்த ஒரு நொடிதான் படம்.

சாட்ஸ்வர்த் சில்லை | ஜூன் 7, மதியம் 12:05

தம்பி இல்லை அண்ணா, தங்கை. :) குச்சி நடப் போகிறேன்.

டோங்காட் கரும்பு | ஜூன் 7, இரவு 8:40

மறைவிடத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள் தங்கச்சி. கடையில் விற்கும் மடக்குக் கூடாரம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நம் கடற்கரைக் காற்றுக்கு ஒரு ஆகஸ்ட் தாங்காது. நான் கட்டியது பிளம்பிங் பிவிசி குழாயில் நான்கு கால், மேலே குறுக்குச் சட்டம், சுற்றிலும் நர்சரியில் விற்கும் பச்சை ஷேட் நெட். நெட் ஒரு மடிப்பு போதாது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உங்கள் உருவம் நிழற்கூத்துப் பொம்மை மாதிரி தெரியும். பின்பக்கத்துக்கு மட்டும் ஒரு கறுத்த திரைத்துணி.

லென்ஸ் ஓட்டையை உங்கள் உயரத்துக்கு வெட்டாதீர்கள். முதலில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், கிளையின் உயரத்தைப் பாருங்கள், பறவையின் கண்ணுக்கு நேராக லென்ஸ் வரும் இடத்தில் வெட்டுங்கள். பழைய ஜெர்சிக் கையை வெட்டி அந்த ஓட்டையில் தைத்தால் லென்ஸ் அதற்குள் உறை போட்டதுபோல் நுழையும், இடுக்கு தெரியாது.

அப்புறம், கட்டிய அன்றே உள்ளே போய் உட்காராதீர்கள். ஒரு வாரம் சும்மா நிற்கட்டும். ஏதோ புதிதாக முளைத்திருக்கிறது என்று முதல் இரண்டு நாள் ஒரு பறவையும் கிட்டே வராது. ஐந்தாம் நாள் அதன் மேலேயே உட்கார்ந்து எச்சம் போடும். அப்போது தயார் என்று அர்த்தம்.

பீனிக்ஸ் ஆண்டி | ஜூன் 8, காலை 6:15

படம் எடுப்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தீனி போடுவது முப்பது வருஷப் பழக்கம், அதனால் சொல்கிறேன்.

ரொட்டி வேண்டாம். ஆயா வைக்கும் சோறு உப்பில்லாமல் ஒரு கைப்பிடி என்றால் பாதகமில்லை, மிச்சத்தை மாலையில் எடுத்துவிடுங்கள். சில்லைக்கும் தூக்கணாங்குருவிக்கும் வெள்ளை மில்லட் போதும், அது நம் பனிவரகுதான். கடையில் கலவையாக வாங்கினால் பெரிய சோளத்தைப் புறா மட்டும் தின்னும், மீதி கீழே சிதறி முளைக்கும். சின்னான், வெள்ளைக்கண்ணி, குக்குறுவான் இவற்றுக்கு ஆரஞ்சைக் குறுக்கே வெட்டி ஆணியில் குத்தி வைக்கலாம், பப்பாளி துண்டு வைக்கலாம்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் என்றால் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். தேன் ஊற்றாதீர்கள், புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். குளிர்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும் வெயில் காலத்தில் தினமும் மாற்றணும். நம் தேன்சிட்டு அந்தரத்தில் நின்று குடிக்கிற ஜாதி இல்லை, உட்கார ஒரு குச்சி கேட்கும்.

கழுவாத தட்டு விஷம் மாதிரி. நனைந்த தானியத்தில் பூஞ்சை வரும், எச்சத்தில் நோய் பரவும். புறா தொண்டை வீங்கிச் சாவதைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டு ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காய வையுங்கள். நோயாளிப் பறவை ஒன்று வந்தால்கூட இரண்டு வாரம் தீனியை நிறுத்துங்கள். கூட்டம் கலையட்டும்.

ரிசர்வாயர் ஹில்ஸ் ராத்திரி | ஜூன் 8, காலை 10:20

ஆண்டி சொல்வது சரி, ஆனால் ஆரஞ்சு, பப்பாளி என்று எழுதும்போது குரங்கை மறந்துவிட்டீர்கள்! வெர்வெட் குரங்கு இருக்கிற பேட்டையில் பழம் வெளியே வைப்பது வாசலில் விருந்துப் பத்திரிகை ஒட்டுவதற்குச் சமம். போன வருஷம் என் வீட்டில் இரண்டு ஆரஞ்சில் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் பதினெட்டுப் பேர் குடும்பத்தோடு. தட்டை உடைத்தன, சமையலறைக்குள் புகுந்தன, ரொட்டிப் பொட்டலத்தோடு கூரைமேல் ஏறின. பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து விழுந்து கை பிசகியது. அந்த வீட்டுக்காரர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்மேல் தப்பில்லை. என் படம், அவர் கூரை.

குரங்கின்மேலும் தப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தின்னக் கொடுத்துப் பழக்குவது நாம், பிறகு கல்லெறிவதும் நாம்.

பீனிக்ஸ் ஆண்டி | ஜூன் 8, காலை 11:02

முப்பது வருஷமாக வைக்கிறேன், எங்கள் பக்கம் குரங்கு வந்ததில்லை.

ரிசர்வாயர் ஹில்ஸ் ராத்திரி | ஜூன் 8, காலை 11:09

உங்கள் பக்கம் காடு இல்லை ஆண்டி. சாட்ஸ்வர்த்துக்குக் கீழே ஓடைக்காடு இருக்கிறது.

டோங்காட் கரும்பு | ஜூன் 8, மதியம் 1:15

இரண்டு பேரும் சரி. தங்கச்சி, குரங்கு வரும் வீடென்றால் பழத்தை விடுங்கள். தானியத்தையும் மலைபோல் கொட்டாதீர்கள், காலை இரண்டு மணி நேரத்தில் தீர்கிற அளவு மட்டும். இரவில் தரையில் தானியம் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். மெலிந்த பச்சைப் பாம்பு ஒன்று கழுத்துப் பக்கம் கரும்புள்ளியோடு செடியில் ஊர்ந்தால் அது பெரும்பாலும் புஷ் ஸ்நேக், விஷமில்லாதது, பல்லியும் தவளையும் தின்னும். கிரீன் மாம்பா என்று நினைத்து அதை அடித்தே கொல்கிறார்கள், பாவம். ஆனால் இந்தக் கரையில் நிஜ மாம்பாவும் உண்டு. சந்தேகம் இருந்தால் கிட்டே போகாமல் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள், படத்தைத் தூரத்திலிருந்து எடுங்கள்.

கறிலீஃப் | ஜூன் 8, மாலை 5:50

மைனாவுக்கு என்ன வழி? எது வைத்தாலும் அவன்தான் முதல் பந்தி. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து நம் பாட்டன் பாட்டி ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள், கரும்பு வெட்டினார்கள். இவன் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வந்து முழு ஊரையும் எழுதி வாங்கிவிட்டான்.

பழைய லென்ஸ் | ஜூன் 8, மாலை 6:30

:)) தட்டைச் சுற்றிச் சில்லை மட்டும் நுழையும் கண்ணளவில் கம்பிக்கூடு போடுங்கள், மைனா வெளியே நின்று திட்டும். கூடு படத்தில் வராது, நாம் எடுப்பது கிளையைத்தானே.

உண்மையைச் சொன்னால், கற்றாழை நான்கு பூத்து நிற்கும் தோட்டத்தில் இந்த மாதம் சர்க்கரைத் தண்ணீரே தேவையில்லை. ஜூன், ஜூலை இரண்டும் அதன் பூக்காலம். பூங்கொத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு நேராக மறைவிடத்தை வையுங்கள். தொண்டையில் ஊதா மின்னும் அமெதிஸ்ட் தேன்சிட்டு ஆண் அதே கொத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். பூ முடிந்த பிறகு முள்முருங்கை இருக்கிறது. ஊரில் நாம் கல்யாண முருங்கை என்று சொல்கிற மரத்துக்கு இந்த மண்ணின் சகோதரி. இலை உதிர்த்துச் செம்பூவோடு மொட்டையாக நிற்பதால் பறவையை மறைக்க ஒன்றும் இருக்காது. வாய்ப்பிருந்தால் ஒரு கிளையை வெட்டி நடுங்கள், வேர்விடும்.

வேம்பு மாதிரி இலையுள்ள ஸிரிங்கா மரத்தை மட்டும் புதிதாக வைக்காதீர்கள். மாரியம்மன் கஞ்சிக்கு வேப்பிலைக்குப் பதில் அந்த இலையைப் பறிப்பவர்கள் நம்மில் உண்டு, தெரியும். இங்கே அது பரவும் களை என்று சட்டப் பட்டியலில் இருக்கிறது. லன்டானா என்கிற உண்ணிச்செடியும் அப்படியே.

திரியோலே தென்றல் | ஜூன் 9, காலை 8:00

மொரிஷியஸிலிருந்து ஒரு குறுக்கீடு, மன்னிக்கவும். சூரியக் கணக்கு எங்களுக்கு இன்னும் கோணல். நாங்கள் 20 பாகையில் இருப்பதால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரைக்கும் உச்சி வெயில் தலைக்கு மேலே போய் கொஞ்சம் தெற்கே சாய்ந்துவிடும், மற்ற நாளெல்லாம் வடக்கே. ஒரே கிளைக்கு எதிரே இரண்டு மறைவிடம் வைக்க இடமில்லாததால் நான் டிசம்பரில் கேமராவை மூடி வைத்துவிடுவேன்.

எனக்குப் பறவையைவிட பல்லி பைத்தியம். எங்கள் பகல் பல்லி, அதாவது ஃபெல்சூமா, பச்சையும் நீலமும் சிவப்பும் கலந்து எண்ணெய் தடவியதுபோல் மின்னும். பூவில் தேன் நக்கும், கனிந்த வாழைப்பழத்தையும் நக்கும். அதற்கு மறைவிடமே வேண்டாம், மெதுவாக அசைந்தால் போதும். சுவரோரம் மூங்கில் ஒன்றை நட்டு வைத்திருக்கிறேன், காலை எட்டு மணிக்கு வெயில் காய வந்துவிடும். எங்கள் தோட்டத்துச் சிவப்பு மீசைச் சின்னானை இங்கே கிரியோலில் கொந்தே என்பார்கள். கொண்டை என்கிற நம் சொல்தான் அப்படி ஆனது என்று என் பாட்டி சத்தியம் செய்வார்.

ஸ்டாங்கர் செல்வன் | ஜூன் 9, மாலை 7:44

இவ்வளவு சிரமம் எதற்கு? போனில் பறவைக் குரலைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் நேரே வந்து நிற்குமே. கூடு தெரிந்தால் இன்னும் சுலபம், இலையை விலக்கினால் குஞ்சு வரைக்கும் எடுக்கலாம்.

பழைய லென்ஸ் | ஜூன் 9, இரவு 9:10

வேண்டாம் செல்வன். குரலைப் போட்டால் வேறொரு ஆண் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது, நம்மைப் பார்க்க வருவதில்லை. இரை தேடும் நேரம் அதில் போகும். இலையை விலக்கினால் கூட்டுக்குள் வெயில் அடிக்கும், காக்கைக்கும் குரங்குக்கும் வழி தெரியும். நான் இளம் வயதில் செய்திருக்கிறேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது கூடு காலி. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை.

ஸ்டாங்கர் செல்வன் | ஜூன் 9, இரவு 9:31

தெரியாமல் சொல்லிவிட்டேன் ஐயா. நிறுத்திக்கொள்கிறேன்.

ரிசர்வாயர் ஹில்ஸ் ராத்திரி | ஜூன் 11, இரவு 11:48

பெயருக்கு ஏற்ப ஒரு ராத்திரிக் கேள்வி. மாமரத்தில் புஷ்பேபி வருகிறது, பெரிய வகை, குழந்தை அழுகிற மாதிரிக் கத்தும். நம் தேவாங்குக்குத் தூரத்துச் சொந்தமாம். ஃப்ளாஷ் போடலாமா?

டோங்காட் கரும்பு | ஜூன் 12, காலை 6:05

முகத்துக்கு நேரே முழுச் சக்தியில் வேண்டாம். அந்தக் கண் இருட்டுக்கென்றே செய்தது. ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் மரத்தில் கட்டி, சக்தியைக் குறைத்து, முன்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். ஒரு இரவுக்கு நான்கைந்து படம், அதோடு விட்டுவிடுங்கள். தேடுவதற்குச் சிவப்பு டார்ச். வாழைப்பழம் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். மிச்சத்துக்கு விடியற்காலையில் யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சாட்ஸ்வர்த் சில்லை | ஜூலை 13, மதியம் 2:20

ஒரு மாதமாகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

நிழல் குச்சி நட்டேன். பத்து மணியிலிருந்து இரண்டரை வரைக்கும் கிளைக்கு வெயில் கிடைக்கிறது. பிவிசி குழாயும் ஷேட் நெட்டும் சேர்த்து 300 ரேண்டுக்குள் முடிந்தது, ஜெர்சிக் கை தாத்தாவுடையது. மில்லட் வைத்த மூன்றாம் நாள் சில்லை வந்தது. ஒன்று வந்தால் பன்னிரண்டு வருகிறது, கிளையில் ஒன்றையொன்று இடித்து வரிசையாக உட்கார்கிறது, ரேஷன் கியூ மாதிரி. எட்டாம் நாள் குரங்கு வந்தது. மில்லட்டுக்கே வந்துவிட்டது! கம்பிக்கூட்டை மேட்டில் உருட்டி விளையாடியது. ஆயா விளக்குமாற்றோடு வெளியே வர, அது பல்லைக் காட்ட, அன்றோடு தீனி முடிந்தது.

அப்புறம் சும்மா பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டை எடுத்து, உள்ளே சொரசொரப்பான கல் ஒன்றை வைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். மேலே இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியில் ஊசியால் துளை போட்டுத் தொங்கவிட்டேன். மூடியைத் தளர்த்தினால் வேகமாகச் சொட்டும், இறுக்கினால் நிற்கும். இப்போது மழையில்லாத காலம் அல்லவா? அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு வெள்ளைக்கண்ணிக் கூட்டமே வந்து குளிக்கிறது. தட்டுக்கு வராத பூச்சி தின்னிகளும் வருகின்றன. குரங்கு ஒருமுறை வந்து குடித்துவிட்டுப் போய்விட்டது, சண்டையில்லை. கொசு பிடிக்காமல் தினமும் தண்ணீரை மாற்றுகிறேன்.

ஆனால் படத்தில் ஒரு குறை. அலகு தெளிவாக இருந்தால் வால் கலங்குகிறது, வால் தெளிந்தால் கண் கலங்குகிறது. ஷட்டர் 1/1000 நொடி, லென்ஸ் துவாரம் எஃப் 5.6.

பழைய லென்ஸ் | ஜூலை 13, மாலை 4:00

தண்ணீர் வைத்தது அருமை. நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும், வயசாகிவிட்டது.

மூன்று மீட்டரில் 300 மி.மீ., எஃப் 5.6 என்றால் தெளிவாக வரும் ஆழம் இரண்டு செ.மீ.தான். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-க்குப் போனால் சுமார் மூன்று. அதற்குமேல் கூட்டிப் பயனில்லை, பின்னணி குத்த ஆரம்பிக்கும். பறவை பக்கவாட்டில் நிற்கும்படி கிளையைச் சட்டத்துக்கு இணையாகத் திருப்புங்கள், உங்களை நோக்கி நீளும் கிளை வேண்டாம். கண்மேல் ஃபோகஸ், வால் கலங்கினால் கலங்கட்டும். குளிக்கும்போது நீர்த்துளி உறைந்து நிற்க 1/2000 வேண்டும், ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு, ஏறினாலும் கவலைப்படாதீர்கள். கொஞ்சம் மணல்மணலாக இருக்கும் கூர்மையான படம், வழவழவென்று கலங்கிய படத்தைவிட மேல்.

கறிலீஃப் | ஜூலை 13, மாலை 4:26

ஷேட் நெட் எல்லாம் எனக்கு முடியாது. சமையலறைக் கண்ணாடி வழியாக எடுத்தால் ஆகாதா?

டோங்காட் கரும்பு | ஜூலை 13, இரவு 7:55

ஆகும். கண்ணாடியைத் துடைத்து, உள்ளே விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு நேர்க்குத்தாக ஒட்டினாற்போல் வையுங்கள். சாய்த்தால் படம் இரட்டிக்கும். தட்டை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், இல்லையென்றால் பத்து மீட்டர் தள்ளிவிடுங்கள். நடுவில் வைத்தால் மிரண்ட பறவை முழு வேகத்தில் கண்ணாடியில் மோதிச் சாகும். ஒரு மீட்டரில் உங்கள் லென்ஸுக்கு ஃபோகஸ் கிடைக்காவிட்டால் ஜன்னலை மறந்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த் சில்லை | செப்டம்பர் 21, மாலை 5:35

கற்றாழைப் பூ முடிந்து நாளாகிவிட்டது. தூக்கணாங்குருவி ஆண்கள் மஞ்சள் கட்டத் தொடங்கியாயிற்று. குளிர்காலம் முழுக்கச் சிட்டுபோலப் பழுப்பாகத் திரிந்த வைடாக் குருவி ஒன்று நீள வாலோடு இறங்கி, தண்ணீர்த் தட்டு தன் பூர்வீகச் சொத்து என்று எல்லாரையும் விரட்டுகிறது.

செய்தி அதுவல்ல. இன்று பதினொன்றரைக்கு லூரி வந்தது! ஊதாக் கொண்டை லூரி, சிவப்பு வளையம் போட்ட கண். மேட்டிலிருந்து கிளை கிளையாக ஓடி வந்து, தட்டு விளிம்பில் நின்று, என் ஜெர்சிக் கையை உற்றுப் பார்த்தது. மூச்சே விடவில்லை. மூன்று வாய் குடித்தது. பதினான்கு படம், அதில் ஒன்று தேறியது, இணைத்திருக்கிறேன். பறக்கும்போது இறக்கைக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்பு விரிந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், விரல் அசையவில்லை.

பழைய லென்ஸ் | செப்டம்பர் 21, மாலை 6:02

கண்ணில் வெளிச்சப் புள்ளி விழுந்திருக்கிறது, போதும். அந்தச் சிவப்பு செம்பு கலந்த நிறமி, லூரிகளின் டுராக்கோ குடும்பத்துக்கு மட்டும் சொந்தம். மூடிய இறக்கையில் அநேகமாகத் தெரியாது. எனக்கு அது கிடைக்க ஆறு வருஷம் ஆயிற்று. குடித்து முடித்துத் தலையைத் தூக்கும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பீனிக்ஸ் ஆண்டி | செப்டம்பர் 21, மாலை 6:20

ரொம்ப அழகு மா. ஆயா என்ன சொன்னார்கள்?

சாட்ஸ்வர்த் சில்லை | செப்டம்பர் 21, மாலை 6:41

"இவ்வளவு பெரிய பறவை வெறும் தண்ணீர் குடித்துவிட்டா போயிற்று? வரும் அமாவாசைச் சோற்றை அந்தத் தட்டுப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன்" என்கிறார்.

ரிசர்வாயர் ஹில்ஸ் ராத்திரி | செப்டம்பர் 21, மாலை 6:43

ஐயோ, வேண்டாம் என்று சொல்லுங்கள்!